ஒரு திருத்தம்

சேலைத் தலைப்பில் அயன்பெட்டியை இழுத்துக்கொண்டு போன ஜெயரட்ணத்தின் கை, வானொலியில் மனைவியின் பெயர் கேட்டதும் துணியின் மேலேயே நின்றுவிட்டது.

"எமது நிலையத்தின் மூத்த அறிவிப்பாளரும் தயாரிப்பாளருமான திருமதி பவளம் ஜெயரட்ணம் கடந்த செவ்வாய்க்கிழமை அதிகாலை காலமானார். இறுதிக் கிரியைகள் இன்று நண்பகல் நடைபெறும். உடல்நலக் குறைவு காரணமாக ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் தாமாகவே பணியிலிருந்து ஓய்வுபெற்ற அன்னார்…"

குரல் குசினி மேசையில் கிடந்த மருமகன் கௌரிசங்கரின் போனிலிருந்து வந்துகொண்டிருந்தது. மாமியைப் பற்றிச் சொல்லப்போகிறார்கள், மாமா கேட்கட்டும் என்று நல்லெண்ணத்தில்தான் அவன் போட்டுவிட்டிருந்தான். அந்த வீட்டில் அந்த நிகழ்ச்சி ஒலித்து ஆறு வருடமாகிறது என்பது அவனுக்கு அப்போது நினைவில் இல்லை.

"மாமா, சாறி எரியுது!"

ஜெயரட்ணம் அயன்பெட்டியைத் தூக்கினார். நாவல்நிறக் கைத்தறியில் ஒரு காசளவு பழுப்பு விழுந்திருந்தது. அவர் அதை விரலால் தேய்த்துப் பார்த்தார். ஈரத் துணி கொண்டுவந்து ஒற்றிப் பார்த்தார். மகள் ராகவி அறையிலிருந்து வந்து சேலையை மெல்ல அவர் கையிலிருந்து வாங்கினாள்.

"பரவாயில்லை அப்பா. தோள்மடிப்புக்குள்ள மடிச்சு விட்டால் தெரியாது."

"'தாமாகவே' எண்டு சொல்லுறான். கேட்டனியே?"

"கேட்டனான். இண்டைக்கு வேண்டாம் அப்பா. ப்ளீஸ்."

அவர் அயன்பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு அது ஆறும்வரைக்கும் அங்கேயே நின்றார்.

அந்தச் சேலையை அவர் எத்தனையோ சனிக்கிழமைகள் அயன் பண்ணிக் கொடுத்திருக்கிறார். வானொலிக்குப் போகிறவள் எதற்கு மினுக்கிய சேலை உடுத்துகிறாள், யார் பார்க்கப்போகிறார்கள் என்று சொந்தக்காரர் கேலி செய்வதுண்டு. "சேலை உடுத்தால்தான் நான் நிமிர்ந்து இருப்பன். நிமிர்ந்து இருந்து கதைக்கிறனோ, சரிஞ்சு இருந்து கதைக்கிறனோ எண்டு கேக்கிறாக்களுக்கு விளங்கும்" என்பாள் பவளம்.

யாழ்ப்பாணத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தவள் அவள். சிட்னிக்கு வந்த புதிதில் திரைச்சேலை தைக்கிற தொழிற்சாலையில் நின்றாள். சமூக வானொலி நிலையம் தமிழுக்கென்று சனிக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கியபோது, மைக்கில் பேசுவதற்குப் பலர் வந்தார்கள். நிகழ்ச்சியைத் தயாரிப்பதற்கு ஒருவரும் வரவில்லை. பவளம் இரண்டையும் எடுத்துக்கொண்டாள். சம்பளமில்லை. பகலில் திரைச்சேலை, இரவில் குசினி மேசையில் ஒலிநாடாவைச் சவர அலகால் வெட்டி ஒட்டுகிற வேலை. வெட்டின துண்டுகள் உடுப்புக் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கும். எந்தத் துண்டு யாருடைய குரல் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பின்னாளில் எல்லாம் கணினிக்குள் போனபோது, ஐம்பது வயது தாண்டிய பிறகு, மகளின் பழைய லப்டொப்பை வைத்துக்கொண்டு அதையும் படித்தாள்.

நீரிழிவுக்காரர் என்ன சாப்பிடலாம் என்று டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்பாள். வாடகை வீட்டுக்காரன் திடீரென்று வீட்டை விட்டு எழும்பச் சொன்னால் என்ன செய்வது என்று வழக்கறிஞரைக் கேட்பாள். மரண அறிவித்தல் வாசிப்பதற்கு முன் அந்த வீட்டுக்குப் போன் எடுத்து, அப்பாவின் பெயரை எப்படி உச்சரிப்பது, ஊரின் பெயரில் வல்லினம் மிகுமா என்று விசாரிப்பாள். போர் முடிகிற மாதங்களில் நிலையத்தின் தொலைபேசி ஓயவில்லை. அடித்தவர்கள் செய்தி கேட்கவில்லை. யாராவது எடுத்து 'ஹலோ' சொன்னால் போதும் என்று அடித்தார்கள். நிகழ்ச்சி முடிந்த பிறகும் இரண்டு மூன்று மணித்தியாலம் அவள் அந்தக் கதிரையில் இருந்து எடுத்துக்கொண்டேயிருந்தாள். ஜெயரட்ணம் வெளியே காருக்குள் பிளாஸ்கில் தேத்தண்ணியோடு காத்திருப்பார். தபால் பிரிக்கிற நிலையத்தில் அவர் முப்பது வருடம் வேலை செய்தார், ஆனால் ஊர்ச் சனத்துக்கு அவர் 'ரேடியோ பவளத்தின்ட மனுசன்'. அதில் அவருக்குக் கூச்சம் இருந்ததேயில்லை.

அப்படிப்பட்டவளைத்தான் தாமாகவே போனாள் என்கிறார்கள்.

சேலையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மூவரும் பத்தரை மணிக்கு மரணச்சடங்கு நிலையத்துக்குப் போனார்கள். உடலுக்குச் சேலை உடுத்துவதற்குத் தாரிணி அங்கே முதலே வந்து வாசலில் நின்றாள். மதுரையிலிருந்து படிக்க வந்த பெண். இப்போது வயோதிபர் இல்லமொன்றில் வேலை. இரவு வேலை முடிந்த கையோடு, உடுப்பு மாற்றிக்கொண்டு ரயிலில் வந்திருந்தாள். அவளுடைய வலது கையில், மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, தோல் சுருங்கி மினுங்கிக்கொண்டிருந்தது.

"சாப்பிட்டீங்களா அங்கிள்?"

"பிறகு பாப்பம் பிள்ளை. நீ ரேடியோ கேட்டனியோ?"

தாரிணி ராகவியைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். "கேட்டேன் அங்கிள்."

பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜெயரட்ணம் வெளியே பிளாஸ்டிக் பூக்களுக்குப் பக்கத்தில் இருந்தார். தாரிணியின் கை அவர் கண்ணுக்குள் நின்றது. எல்லாம் அந்தக் கையிலிருந்துதான் தொடங்கியது.

விசா பற்றிய ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு தாரிணி நிலையத்துக்குப் போன் அடித்திருந்தாள். பேர் சொல்லவில்லை, ஒலிபரப்பில் கதைக்கவும் விரும்பவில்லை. ஒரே ஒரு கேள்வி: வேலையிடத்தில் நடந்த காயத்தை வீட்டில் நடந்தது என்று ஆசுப்பத்திரியில் பொய் சொல்லியிருந்தால் விசாவுக்குப் பிரச்சினை வருமா? பவளம் நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு பின்னேரம் திரும்ப எடுத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. கலியாணச் சாப்பாடு செய்து கொடுக்கிற சிறிதரனுடைய சமையல்கூடத்தில் அவள் மாலை வேலை செய்தாள். அடுப்பின் கால் உடைந்து, கொதித்த எண்ணெய்த் தாச்சி அவள் கையில் சரிந்தது. சிறிதரன் அவளைத் தன் வாகனத்தில் ஏற்றி, அவசர சிகிச்சை வாசலில் இறக்கிவிட்டு, "வீட்டில வடை சுடேக்க பட்டது எண்டு சொல்லும். இல்லாட்டி உம்மட விசாவுக்கு நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். இரண்டு முறை தோல் வைத்துத் தைத்தார்கள். வேலையும் போனது.

பவளம் சிறிதரனுக்கு இரண்டு தரம் போன் எடுத்து அவன் பக்கத்தையும் கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான், தாரிணி மனம் மாறிச் சம்மதித்ததும், அவளுடைய குரலிலேயே அதை ஒலிபரப்பினாள். கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் கேட்ட எல்லாருக்கும் விளங்கியது. சிறிதரன் நிலையத்துக்குப் பெரிய விளம்பரதாரர். கோயில் திருவிழா, தமிழ்ப் பள்ளிக்கூட விழா, எல்லாவற்றிலும் அவனுடைய பானர்தான் முதலில் தொங்கும்.

மூன்றாம் நாள் ஒலிபரப்புக் குழுவின் தலைவர் தேவராஜா வீட்டுக்கு வந்தார். இரண்டு வரி டைப் பண்ணிக் கொண்டுவந்திருந்தார். தகவல்கள் சரிபார்க்கப்படவில்லை, வருந்துகிறோம் என்று. "அடுத்த சனிக்கிழமை இதை வாசிச்சுவிடுங்கோ அக்கா. பத்துச் செக்கன் வேலை."

பவளம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாள். திருப்பிக் கொடுத்தாள். "இதில எந்த வரி உண்மை, தேவராஜா?"

அவர் தேத்தண்ணி குடிக்காமல் போனார். அடுத்த சனிக்கிழமை பவளம் வழக்கம்போல் போனாள். நிலையத்துக் கதவைத் திறக்கிற அவளுடைய கார்ட் வேலை செய்யவில்லை. திருப்பித் திருப்பித் தட்டினாள். கண்ணாடிக்கு உள்ளே, அவளே மைக் பிடிக்கப் பழக்கிய ஒருவன் நின்றான். அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஸ்ரூடியோவுக்குள் போனான். ஜெயரட்ணம் காருக்குள் இருந்து அவ்வளவையும் பார்த்தார். அவர் இறங்கி வருவதற்குள் பவளம் திரும்பி வந்து காரில் ஏறிவிட்டாள். "போவம்" என்றாள். வழியில் பென்டில் ஹில் தமிழ்க் கடைத்தெருவில் நிற்பாட்டி முருங்கைக்காய் வாங்கினாள். வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைத்தாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு தலையிடிகூட இல்லை. நெஞ்சு வருத்தம் வந்தது மூன்று வருடத்துக்குப் பிறகு.

வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் அவள் எழும்பி விளக்கம் கேட்டாள். பதினைந்து பேருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தி முடித்திருந்த நேரம். "நேரம் போட்டுது அக்கா. சாப்பாடு ஆறுது. பிறகு தனிய கதைப்பம்" என்றார் தேவராஜா. சனம் கதிரைகளை இழுத்துக்கொண்டு எழும்பியது. அந்தச் சாப்பாடும் சிறிதரனுடையதுதான். தட்டுகளை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்களில், போர்க்காலத்தில் இரவிரவாக அவளுக்குப் போன் அடித்து அழுதவர்களும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருவரும் தனியக் கதைக்கவில்லை.

இப்போது செத்த பிறகு வந்திருக்கிறார்கள். புதன்கிழமை தேவராஜா ஒரு பெரிய மலர்வளையத்தோடு வந்து, "எங்கட வீட்டில ஒராள் போனமாதிரி" என்றார். மதியச் சாப்பாடு முழுக்கக் குழுவின் பொறுப்பு என்றார். கிரியை நேரத்தில் தான் மூன்று நிமிடம் இரங்கலுரை சொல்ல வேண்டும் என்றார். ராகவி அழுத களையில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டாள். ஜெயரட்ணம் அப்போது குளியலறையில் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார்.

அவர் போனை எடுத்தார். தேவராஜாவின் நம்பரை அழுத்தினார்.

"தேவராஜா, ஜெயரட்ணம் கதைக்கிறன். காலமை ரேடியோவில சொன்னது பிழை. அவ தானா விலகேல்லை. மத்தியானம் நீங்கள் பேசேக்க அதைத் திருத்திச் சொல்லவேணும்."

மறுபக்கத்தில் கார்க் கதவு சாத்தும் சத்தம். "ஓம் ஓம் அண்ணை. அதெல்லாம் பாப்பம். நீங்கள் மனசைத் தளர விடாதேங்கோ."

"திருத்திச் சொல்லுவீங்களோ?"

"பாப்பம் அண்ணை. அங்க வாறன்தானே."

பெண்கள் போன அறையின் கதவு திறந்தது. பவளம் நாவல்நிறச் சேலையில் படுத்திருந்தாள். கருகின இடம் தெரியவில்லை. தாரிணி நெற்றியில் பொட்டை நேராக வைக்க முயன்று, சரிவராமல், துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். ஜெயரட்ணம் அருகே போய் தோள்மடிப்பை ஒரு விரலால் இழுத்துச் சரிசெய்தார்.

எரியூட்டும் நிலையத்து மண்டபம் நிறைந்திருந்தது. இருக்க இடமில்லாமல் சனம் பின்சுவரோடு நின்றது. ஒரு மணித்தியாலம்தான், அடுத்த குடும்பம் வெளியே கார்களில் காத்திருந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு என்பதால் ஜெயரட்ணமே கிரியை செய்தார். ஐயர் சொன்னபடி தண்ணீர் தெளித்தார், வாய்க்கரிசி போட்டார். பெண்கள் வரிசையாக வந்து போட்டார்கள். தாரிணியும் வந்து போட்டாள். மூன்றாவது வரிசையில் கறுப்புக் கோட்டோடு சிறிதரன் இருந்தான். தாரிணி கடந்து போனபோது அவன் தன் போனை எடுத்துப் பார்த்தான்.

கிரியை முடிந்ததும் கௌரிசங்கர் தேவராஜாவை அழைத்தான். தேவராஜா மைக்கின் முன்னால் நின்று கண்களை மூடித் திறந்தார். நன்றாகப் பேசக்கூடிய மனிதர்.

"பவளம் அக்கா எங்கள் வானொலியின் தாய். சவர அலகால் ஒலிநாடா வெட்டிய காலத்திலிருந்து எங்களை வளர்த்தவர்…"

சனம் தலையாட்டியது. முன்வரிசையில் இருந்த ஜெயரட்ணமும் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் உண்மைதான், இனி வருமாக்கும் என்று காத்திருந்தார்.

"உடல்நலம் இடங்கொடாதபோது, பதவியைப் பிடித்துக்கொண்டிராமல், தானாகவே ஒலிவாங்கியை அடுத்த தலைமுறையிடம் கையளித்த பெருந்தன்மை…"

ஜெயரட்ணம் எழும்பினார்.

"தேவராஜா, அது பிழை."

பெரிய குரலில்லை. ஆனால் முன்வரிசை என்பதால் மைக் அதைப் பிடித்துக்கொண்டது. மண்டபம் அடங்கியது.

"அண்ணை, இருங்கோ…"

"பிழை எண்டு காலமையே போன் பண்ணிச் சொன்னனான்."

"இது அதுக்குரிய இடமில்லை அண்ணை."

"அப்ப எது இடம்? கூட்டத்தில கேட்டால் சாப்பாடு ஆறுது எண்டீங்கள். ரேடியோவில கேக்க வந்தால் கதவைப் பூட்டிப்போட்டீங்கள். இனி அவவுக்கு வேற எங்க இடம் இருக்கு? சொல்லுங்கோ."

தேவராஜா அவரைப் பார்க்கவில்லை. சனத்தைப் பார்த்து, மைக்குக்குள் மெதுவாகச் சொன்னார்: "அண்ணை துக்கத்தில நிற்கிறார். நாங்கள் எல்லாரும் விளங்கிக்கொள்ளவேணும்." பிறகு கௌரிசங்கரை நோக்கி, இவரைக் கூட்டிக்கொண்டுபோய் இருத்து என்கிற மாதிரிக் கண்ணைக் காட்டினார்.

கௌரிசங்கர் அசையவில்லை. ராகவிதான் எழும்பி வந்தாள். மகள் தோளைப் பிடித்து 'வாங்கோ அப்பா' என்று சொல்லப்போகிறாள், நானும் போய் இருக்கப்போகிறேன், இதுவும் இப்படியே முடியப்போகிறது என்று ஜெயரட்ணம் நினைத்தார்.

ராகவி அவரைத் தாண்டிப் போனாள். "எக்ஸ்கியூஸ் மீ அங்கிள்" என்று தேவராஜாவிடம் சொன்னாள். அவர் ஒதுங்கவில்லை. அவள் மறுபடி சொன்னாள். அவர் ஒதுங்கினார். அவள் மைக் கம்பியின் திருகாணியைத் தளர்த்தி, அதை அப்பாவின் உயரத்துக்கு இறக்கி, இறுக்கினாள்.

"கதையுங்கோ அப்பா."

ஜெயரட்ணம் வாழ்நாளில் மைக்கின் முன் நின்றதில்லை. எவ்வளவு கிட்ட நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. பவளம் ஒருமுறை மரண அறிவித்தலில் ஒரு ஊரின் பெயரை மாறி வாசித்துவிட்டாள். பாட்டொன்று போய்க்கொண்டிருந்தது, அதைப் பாதியில் நிறுத்தி, 'ஒரு திருத்தம்' என்று சொல்லி, சரியான பெயரை இரண்டு தரம் வாசித்தாள். பாட்டு முடிந்த பிறகு சொல்லியிருக்கலாமே என்று காரில் வரும்போது அவர் கேட்டார். "பிழையைச் சொன்ன மைக்கில உடனே சொல்லவேணும். கேட்டவன் ரேடியோவை நிப்பாட்டிப்போட்டுப் போனால் அவனுக்குப் பிழைதானே மிஞ்சும்?" என்றாள்.

"ஒரு திருத்தம்" என்றார் ஜெயரட்ணம்.

மைக் கீச்சிட்டது. அவர் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்.

"என்ட மனுசி பவளம் தானா விலகேல்லை. விலத்தினவை. அப்ப அவவுக்கு நோய் வருத்தம் ஒண்டும் இருக்கேல்லை. வேலையிடத்தில ஒரு பிள்ளைக்குக் கை எரிஞ்சது. அதை அந்தப் பிள்ளையின்ட வாயாலேயே ரேடியோவில சொல்ல வைச்சவ. அது பொய்யெண்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டவை. அவ மாட்டன் எண்டவ." அவர் மூச்சு வாங்கினார். "அவ்வளவுதான். திருத்தம் முடிஞ்சுது."

முதலில் எழும்பினவன் சிறிதரன். கோட்டின் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, யாரையும் பாராமல், நடு வழியால் நடந்து போனான். பிறகு குழுவைச் சேர்ந்தவர்கள். அவர்களின் மனைவிமார். "செத்தவீட்டில இப்பிடியே கதைக்கிறது?" என்று ஒரு பெண் குரல், மற்றவர்களுக்குக் கேட்கவேண்டுமென்றே. ராகவியின் கலியாணத்துக்கு ஒரு கிழமை முழுக்க வீட்டில் நின்று பலகாரம் சுட்டவர்கள் போனார்கள். அவருடைய வெளிநாட்டு விஸ்கியை ருசி பார்த்தவர்கள் போனார்கள். ஜெயரட்ணம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றார். போகாமல் இருந்தவர்களில் பாதிப் பேரை அவருக்குத் தெரியாது.

மரணச்சடங்கு நிலையத்துப் பெண் கைக்கடிகாரத்தைத் தொட்டுக் காட்டினாள். அவர் போய்ச் சவப்பெட்டியை உள்ளே அனுப்புகிற பொத்தானை அழுத்தினார். திரை மூடியது.

வீட்டுக்குப் போய் முழுகிவிட்டு, வேறு வேட்டி கட்டிக்கொண்டு சாப்பாட்டுக்கென்று எடுத்திருந்த மண்டபத்துக்கு ஜெயரட்ணம் வந்தபோது கௌரிசங்கர் வாசலில் போனோடு நின்றான். மகனுக்குச் சமமான மருமகன், அன்றைக்குத்தான் முதன்முறையாகக் கோபத்தில் அவன் காது சிவந்திருந்ததை அவர் பார்த்தார்.

"மாமா, சாப்பாடு வரேல்லை. ஓடரைக் கான்சல் பண்ணிப்போட்டினமாம். போன் எடுத்தால் தேவராஜா அங்கிள் எடுக்கிறாரில்லை."

உள்ளே நாற்பது, ஐம்பது பேர் வெறும் மேசைகளைச் சுற்றி இருந்தார்கள். கடதாசித் தட்டுகள் மட்டும் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன.

"ஆரின்ட சாப்பாடாம்?" என்று கேட்டார் ஜெயரட்ணம்.

கௌரிசங்கர் போனைப் பைக்குள் வைத்தான். தாரிணி சொன்னாள். "சிறிதரனோடதுதான் அங்கிள். எனக்கு நேத்தே தெரியும்." அவள் முகத்தில் நாலு நாளாக இல்லாத ஒரு தெளிவு வந்தது. "ஆன்ட்டிக்காக வந்துட்டு அந்தச் சாப்பாட்டை எப்படிச் சாப்பிடுறதுன்னு காலையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டே இருந்தேன். இப்ப நிம்மதியா இருக்கு."

ராகவி சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. ஜெயரட்ணத்துக்குச் சிரிப்பு வரவில்லை. செத்தவீட்டுச் சோற்றை மறிக்கிறார்கள். அவருக்குத் திரும்ப ஓடிப்போய் மைக்கின் முன் நிற்கவேண்டும் போலிருந்தது.

"கடைக்குப் போங்கோ" என்றார். "பாண் வாங்குங்கோ. எல்லாருக்கும் காணக்கூடியமாதிரி. வாழைப்பழம். பட்டர். ஆரேன் குசினியைத் திறவுங்கோ."

கௌரிசங்கரும் தாரிணியும் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். யாரென்று தெரியாத இரண்டு பெண்கள் மண்டபத்துக் குசினிக்குள் போய் குளிர்ப்பெட்டியில் உறைந்திருந்த தேங்காய்த் துருவலைக் கண்டுபிடித்து, யாரையும் கேட்காமல் சம்பல் இடிக்கத் தொடங்கினார்கள். தண்ணி கொதிக்கிற சத்தம் வந்தது. சின்னப் பிள்ளைகள் கடதாசித் தட்டுகளைப் பரப்பின.

பாண் வந்தது, முழு முழு ரொட்டியாக. ஜெயரட்ணம் கத்தியை வாங்கிக்கொண்டு மேசை முனையில் நின்று தானே வெட்டத் தொடங்கினார். "விடுங்கோ அப்பா, நாங்கள் செய்யிறம்" என்றாள் ராகவி. அவர் விடவில்லை.

மேசையின் ஓரத்தில் ஒரு வயதான பெண் தனியாக இருந்தாள். மெல்லிய கறுப்புச் சேலை, வெள்ளைச் சப்பாத்து. தன் பெயர் மீனாம்பாள் என்றாள். ஒருவரையும் தெரியாதாம். இரண்டு ரயில் மாறி வந்தாளாம்.

"மனுசியைக் குரலாலதான் தெரியும். முகத்தை இண்டைக்குத்தான் பாத்தனான்" என்றாள். "இவ்வளவு சின்ன ஆளெண்டு நான் நினைக்கேல்லை. அந்தக் குரலுக்கு நல்ல உயரமான மனுசி எண்டெல்லோ இவ்வளவு காலமும் நினைச்சிருந்தனான்."

"அஞ்சடிக்கும் குறைவு" என்றார் ஜெயரட்ணம்.

"திடீரெண்டு நிண்டிட்டா. நான் ரேடியோ ஸ்ரேசனுக்குப் போன் அடிச்சுக் கேட்டனான். கடும் வருத்தம் எண்டு சொன்னவை." மீனாம்பாள் தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவவின்ட பேருக்கு அர்ச்சனை செய்தனான். சுகம் வரவேணும் எண்டு. எனக்கு ஆர் சொன்னது அவ சுகமாத்தான் இருக்கிறா எண்டு? ஒருத்தரும் சொல்லேல்லை."

ஜெயரட்ணத்தின் கத்தி பாணுக்குள் பாதியில் நின்றது.

குசினியிலிருந்து சம்பல் வந்தது. தாரிணி கரண்டியால் அள்ளித் தட்டுத் தட்டாக வைத்துக்கொண்டு வந்தாள்.

"இன்னும் ஒரு துண்டு தாங்கோ" என்றாள் மீனாம்பாள். "காலமை வெளிக்கிட்டது. நல்ல பசி."

அவர் தடிப்பாக ஒரு துண்டு வெட்டி அவள் தட்டில் வைத்தார். பிறகு தனக்கும் ஒன்று வெட்டிக்கொண்டு, பக்கத்துக் கதிரையை இழுத்து அவளுக்கு அருகே இருந்தார்.